குப்பைமேனி முளைத்த முதுகு

ஆலங்கரைப் பேரூராட்சி எல்லைக்குள் இனிமேல் புல்பூண்டு என்று ஒன்று இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட வருஷத்துக்கு மறுவருஷம், ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், துப்புரவுப் பணியாளர் குருவம்மாளின் முதுகில், இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, இரண்டு இலை விட்டு ஒரு குப்பைமேனிச் செடி முளைத்திருந்தது.

முதலில் பார்த்தவன் அவள் புருஷன் சங்கிலி. அவனும் பேரூராட்சியில் குப்பை வண்டி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு முதுகு தேய்த்துவிடுவது கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு வழக்கம்.

"ஏ குருவு, முதுகுல என்னமோ ஒட்டியிருக்கு."

"எடுத்துப் போடுங்க மாமா."

இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அவள் உடம்பை உதறிக்கொண்டாள். அவன் குனிந்து, தண்ணீரைத் துடைத்துவிட்டு, நிதானமாகப் பார்த்தான்.

"ஒட்டல புள்ள. முளைச்சிருக்கு. குப்பைமேனி மாதிரி தெரியுது."

குருவம்மாள் கையைப் பின்னால் கொண்டுபோய் இலையைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, சோப்பு படாமத் தேய்ங்க" என்றாள்.

அந்தச் செடி ஊரில் இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஆலங்கரையில் அதை யாரும் தேடியதில்லை, தேடாமலே கிடைத்தது. சாக்கடை ஓரத்தில், இடிந்த சுவரடியில், பஸ் ஸ்டாண்டின் கழிப்பறைக்குப் பின்னால், குப்பைத்தொட்டியைச் சுற்றி, எங்கே ஊர் தன் அழுக்கைக் கொட்டியதோ அங்கெல்லாம் கேட்பாரில்லாமல் தழைத்து நின்றது. உடம்பில் சொறி வந்தால் நாலு இலையைப் பறித்து உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள், சொறி போனதும் செடியை மறந்துபோவார்கள். சுத்தமான பேரூராட்சிக்கு ஒரு விருது உண்டு என்று தெரிந்து, அதை எப்படியும் வாங்கிவிடுவது என்று செயல் அலுவலர் முடிவு செய்தபோது, ஊரிலிருந்த காலிமனைகளுக்கும் சாக்கடை ஓரங்களுக்கும் களைக்கொல்லி அடிக்க உத்தரவானது. அந்த மருந்து டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு கோடை முழுவதும் தெருத்தெருவாக அடித்தவள் குருவம்மாள்தான். டேங்க் ஒழுகும். ஒழுகுகிறது என்று சொன்னாள். எழுதிக்கொடு என்றார்கள். எழுதத் தெரியாததால் அடித்து முடித்தாள்.

ஆலங்கரைக்கு விருது கிடைத்தது. மறு மழைக்குச் சொறியும் வந்தது. விரலிடுக்கில் ஆரம்பித்து, மணிக்கட்டுக்கு ஏறி, இடுப்பைச் சுற்றி, பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் பல்லுப்போன கிழவர்களையும் விட்டுவைக்காமல், கார்த்திகை பிறப்பதற்குள் ஊரே சொறிந்துகொண்டிருந்தது. கடையில் விற்ற களிம்பு இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் கேட்கவில்லை. கோயிலில் அர்ச்சகர் ஒரு கையால் தீபாராதனை காட்டி மறு கையால் சொறிந்தார். கும்பிட்டவர்களும் கும்பிட்ட கையைப் பிரித்துச் சொறிந்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வந்தவர்களின் கையெழுத்து ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பத்திரங்கள் திரும்பின.

குருவம்மாளின் முதுகுச் செடி, முளைத்த ஞாயிற்றுக்கு அடுத்த வியாழக்கிழமைக்குள் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ஜாக்கெட்டின் முதுகில் கத்தரியால் ஒரு வட்டம் வெட்டி, அதன் வழியாகச் செடியை வெளியே விட்டுக்கொண்டு குருவம்மாள் வேலைக்குப் போனாள். ரம்பப்பல் வைத்த இலைகள் அடுக்கடுக்காக விரிந்தன, இலைக்கணுக்களில் பச்சைக் கதிர்கள் எட்டிப் பார்த்தன. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. அது வெறும் பெயரில்லை என்பதற்குச் சாட்சியாக, தேரடித் தெருப் பூனைகள் ஒவ்வொன்றாகச் சுவரிறங்கி வந்து அவள் பின்னால் நடந்தன, அவள் உட்கார்ந்தால் சுற்றி உட்கார்ந்து தலையைத் தரையில் வைத்துக் கிடந்தன.

சங்கிலிக்குக் கழுத்தில் சொறி. "பறிச்சுக்கோங்க மாமா" என்று திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு இலை பறித்தான். அரைத்துப் பூசிய மறுநாள் அரிப்பு நின்றது, நாலாம் நாள் தோல் ஆறியது.

அவன் கழுத்தைப் பார்த்துவிட்டு, அரசு சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவம் பார்க்கும் ஜெபக்கனி டாக்டர் அவன் வண்டியிலேயே ஏறி அவர்கள் குடியிருந்த காலனிக்கு வந்தார். முப்பது வயசுப் பெண். கையைக் கழுவிக்கொண்டு குருவம்மாளின் முதுகைத் தடவிப் பார்த்தார். வேர் எலும்புவரை போயிருந்தது.

"பறிக்கும்போது வலிக்குதா குருவம்மாக்கா?"

"ஒரு முடியப் புடுங்குற மாதிரி. அவ்வளவுதான்."

"இதுக்கு ஏன் இந்தப் பேருன்னு தெரியுமா?"

"குப்பையில முளைக்குது. அதான்."

"அப்பிடியும் சொல்லலாம். சொறி வந்து குப்பையாக் கிடக்குற மேனியத் தேத்துறதால குப்பைமேனின்னும் சொல்லுவாங்க. ரெண்டும் சரிதான்னு எனக்குப் படுது."

தேரடித் தெருவில் குருவம்மாளின் தள்ளுவண்டி திரும்பும்போது பிள்ளைகள் "குப்பை வந்துட்டு" என்றுதான் உள்ளே குரல் கொடுக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அந்தத் தெருவில் வேறு பெயர் கிடையாது.

டாக்டர் தன் நோட்டில், 'குருவம்மாள், வயது நாற்பத்தாறு. முதுகில் குப்பைமேனி. இருவரும் நலம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஊர் வந்தது. முதலில் காலனிக்காரர்கள், பிறகு பஜார்க்காரர்கள், பிறகு அதுவரை காலனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத தேரடித் தெருக்காரர்கள். எத்தனை பறித்தாலும் விடிந்தால் துளிர்த்திருந்தது. ஒரு பெண்பிள்ளையின் முதுகில் செடி எப்படி முளைக்கும் என்று கேட்டவர்கள் குறைவு; காலனிக்குள் கார் திரும்ப இடமில்லையே என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் பேரூராட்சி அலுவலகத்தின் பின்வராந்தாவில் ஒரு நாற்காலி போடப்பட்டது. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வரிசை. பறித்துவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டுமா என்று கோயிலில் கேட்டார்கள்; தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்ட அர்ச்சகர், மருந்து வாங்கி வருகிறவர்கள் குளிக்க வேண்டியதில்லை என்றார். வீட்டில் அரைக்கும்போது குப்பை என்ற சொல் வாயில் வருவது ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சிலர் மனுக் கொடுத்தார்கள். பழைய மருத்துவச் சுவடிகளில் அதே செடிக்கு அரிமஞ்சரி என்று ஒரு பெயர் இருப்பதைத் தமிழாசிரியர் ஒருவர் எடுத்துக்கொடுக்க, 'அரிமஞ்சரி மூலிகை வழங்குமிடம்' என்று பெயிண்ட்டில் எழுதி மாட்டினார்கள். செயல் அலுவலர் ஒரு சுற்றறிக்கையும் விட்டார்: செடி பணியாளர் பணியில் இருந்த காலத்தில் முளைத்ததாகக் கருதப்படுவதால் அது பேரூராட்சிக்கு உரியது.

அந்த நாற்காலியில் குருவம்மாள், வரிசைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எதுக்குப் புள்ள இந்தப் பாடு? முடியாதுன்னு சொல்லிரு. நான் போயிச் சொல்லவா?" என்றான் சங்கிலி, ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது.

"வேண்டாம் மாமா."

"வத்திப் போயிட்டு வாற. கண்ணு உள்ள போயிருச்சு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இத்தனை வருசத்துல என் முதுகத் தொட்டது எங்காத்தாவும் நீங்களுந்தான். இப்ப எத்தனை கை படுது தெரியுமா? ஒரு கை சில்லுன்னு இருக்கு. ஒரு கை நடுங்குது. ஒரு வாத்தியாரம்மா வாறா, எல பறிச்ச எடத்தத் தடவிக் குடுத்துட்டுப் போறா. யாரு என்னன்னு மொகம் தெரியாது. கைய வச்சே கண்டுபிடிச்சிருவேன்."

சங்கிலி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.

தேரடித் தெருவில் நாலாவது வீடு பிரமநாயகி ஆச்சி வீடு. ஆச்சியின் புருஷன் ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து, போன ஆவணியில்தான் தவறியிருந்தார். ஆச்சிக்கு இரண்டு உள்ளங்கையிலும் சொறி வந்து, வெடித்து, சாதத்தை உருட்டி வாயில் வைக்க முடியவில்லை, கரண்டியால் தின்றாள். குருவம்மாளுக்குத் தாகமென்றால் ஆச்சி தண்ணீர் தருவாள், ஆனால் செம்பைத் தர மாட்டாள். படியில் நின்று மேலிருந்து ஊற்றுவாள், குருவம்மாள் கீழே நின்று கையேந்திக் குடிப்பாள். அந்த ஆச்சி ஒரு திங்கட்கிழமை வரிசையில் வந்து நின்றாள். கையில் அடுப்படி இடுக்கி இருந்தது.

"கையி புண்ணாக் கெடக்குட்டி, விரலை மடக்க முடியல" என்றாள். அது உண்மைதான். இடுக்கியால் இலையைக் கவ்வி இழுத்தாள். இரும்பு சதையில் பட்டபோது குருவம்மாள் தோளை ஒருமுறை குறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் வரிசையில் மூன்று இடுக்கிகள் வந்தன. அவர்கள் கைகளில் புண் இல்லை. அதற்கு மறுநாள் பத்து. ஒருவர் பூக்கட்டுகிறவர் வைத்திருக்கும் சிறு கத்தரியோடு வந்தார், ஒருவர் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை, அலுவலகமே ஒரு நல்ல இடுக்கியை வாங்கி, ஆணியடித்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டது. எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று. வாத்தியாரம்மாவும் அதையே எடுத்தாள். அது வாத்தியாரம்மாதான் என்று அன்றைக்குக் குருவம்மாளுக்குத் தெரியவில்லை, இருமியபோதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை இடுக்கி வழுக்கி, இலையோடு தோலையும் சேர்த்துக் கிழித்தது. ரத்தம் ஜாக்கெட்டில் இறங்கியது. பறித்தவர், "ஐயோ, இலையில பட்டுட்டே" என்றார்.

குருவம்மாள் எழுந்தாள். வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளில் அவள் முகத்தை அவர்களும் அவர்கள் முகத்தை அவளும் அப்போதுதான் பார்த்தார்கள். இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தாள். சங்கிலி மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் வைத்தான். "அந்த இடுக்கியப் புடுங்கி எறிஞ்சிட்டு வாறேன்" என்று கிளம்பினவனிடம், "உக்காருங்க மாமா" என்றாள். அப்புறம் சுவரில் சாய முடியாமல் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். சத்தமில்லாமல், நெடுநேரம் அழுதாள்.

திங்கட்கிழமை ஜெபக்கனி டாக்டர் வந்து பார்த்தார். கதிர்கள் முற்றத் தொடங்கியிருந்தன.

"காய் பிடிக்குது குருவம்மாக்கா. இது ஒரு பருவத்துச் செடி. காய்ச்சு, விதை தெறிச்சு, தானே காஞ்சு விழுந்துரும். விட்டா ஊருக்கே காணும் விதை. ஆனா இப்பிடித் தினமும் பறிச்சா விதை கட்டாது, செடியும் செத்துரும், உங்க உடம்பும் தாங்காது."

"எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரம் பறிக்காம விடுவாகளா?" என்றான் சங்கிலி.

விடமாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. வெளியே வாசலில் ஏற்கனவே செயல் அலுவலரின் ஆள், பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்ட காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தான். குருவம்மாள் காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "உரக்கிடங்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிரு. அதுவும் பேரூராட்சி வேலைதான்" என்றாள்.

உரக்கிடங்கு என்பது ஊருக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருந்த குப்பைமேடு. ஆலங்கரை தன்னிடம் வேண்டாமென்று நினைத்ததையெல்லாம் நாற்பது வருஷமாக அங்கேதான் அனுப்பி வைத்தது. அனுப்பினது எங்கே போகிறது என்று பார்க்க ஒருத்தரும் போனதில்லை. அங்கே வெயில் படும் சரிவில் வெள்ளரிக்காய்த் தோலுக்கும் உடைந்த வாளிக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, குருவம்மாள் தினமும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை, பிளாஸ்டிக்கைத் தனியாகவும் மட்குவதைத் தனியாகவும் பிரித்துப் போட்டபடி இருந்தாள். பூனைகள் இரண்டு மைல் நடந்து வந்து வளைத்துப் படுத்தன.

இலை நின்றதும் ஊரில் சொறி திரும்பியது; பலவிதமாகப் பேசினார்கள். அவளுக்குத் திமிர் என்றார்கள். சம்பளம் வாங்கவில்லையா என்றார்கள். நாம் அப்படி என்ன செய்துவிட்டோம் என்று மெய்யாகவே விளங்காமல் கேட்டார்கள். சிலர் பூவும் பழமும் கொண்டுவந்து குப்பைமேட்டின் கம்பிவேலிக்கு வெளியே வைத்துக் கும்பிட்டார்கள். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கும்பிட்டதால் ஒரு கையால்தான் கும்பிட முடிந்தது. உள்ளே ஒருவரும் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. சங்கிலி வண்டியைக் கொட்ட வரும்போதெல்லாம் ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முதுகில் ஈ உட்காராமல் துண்டால் வீசிக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் முதல் விதை தெறித்தது. எள்ளைவிடச் சின்னது. அன்றிலிருந்து ஒரு வாரம், மழை தூறுவதற்கு முன்னால் கேட்பதுபோல ஒரு சன்னமான சத்தம் அவள் முதுகிலிருந்து வந்துகொண்டே இருந்தது என்று சங்கிலி சொன்னான். பிறகு இலைகள் பழுத்தன, தண்டு காய்ந்தது, ஒரு காலையில் அவள் எழுந்தபோது செடி வேரோடு பாயில் கிடந்தது. முளைத்திருந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் புதுத்தோல் மூடியிருந்தது. அவள் ஐந்தாறு கிலோ இளைத்திருந்தாள். இரண்டு நாள் படுத்துத் தூங்கினாள்.

தை பிறந்தபோது குப்பைமேடு பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் தூரத்துச் சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் நெல் விதைத்திருக்கிறார்களோ என்று கேட்கிற பச்சை.

செய்தி ஊருக்குள் வந்ததும் செயல் அலுவலர் குருவம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை முகம் பார்த்துத்தான் பேசினார், கையைச் சொறிந்துகொண்டே. "சங்கிலி வண்டியில ஏத்தி, வீட்டுக்கு வீடு குடுத்துட்டு வந்துருங்கம்மா. குப்பை எடுக்கப் போற நேரத்துக்கே போனாப் போதும்."

"அது முடியாதுய்யா" என்றாள் குருவம்மாள்.

"ஏன்?"

"குப்பை எடுக்க நாங்க வாறோம். மருந்து எடுக்க நீங்க வாங்க."

அவர் அதைச் சுற்றறிக்கையாக எழுத முயன்று பார்த்தார். எந்தச் சட்டப்பிரிவின் கீழ் எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

நாலு நாள் யாரும் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் கிழக்கே பச்சை தெரிந்தது. ஜன்னலை மூடிவிட்டுச் சொறிந்தார்கள். ஐந்தாம் நாள் காலை குருவம்மாள் தேரடித் தெருவைக் கூட்டி முடித்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பும்போது, நாலாவது வீட்டுக் கதவு திறந்தது. பிரமநாயகி ஆச்சி படியிறங்கி வந்தாள். கையில் ஒன்றுமில்லை. இரண்டு உள்ளங்கையிலும் பழைய வேட்டித்துணி சுற்றியிருந்தது.

"நீ அங்கதான் போறியா?"

"ஆமா ஆச்சி."

"முன்னால போ. பின்னால வாறேன்."

இரண்டு மைலும் அப்படியே நடந்தார்கள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன, கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடியே பார்த்தார்கள். கம்பிவேலியைத் தாண்டும்போது ஆச்சி முந்தானையால் மூக்கை மூடினாள். பத்தடி போனதும் மேட்டில் ஏறக் கை வேண்டியிருந்ததால் முந்தானையை விட்டாள். ஏறினாள். காலடியில் அவள் ஊர் கிடந்தது: அறுந்த செருப்புகள், காலண்டர் சாமிகள், யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள், மருந்துச் சீசாக்கள். அத்தனைக்கும் நடுவிலிருந்து குப்பைமேனி எழுந்து நின்றது.

ஓரிடத்தில் செடி மற்ற இடத்தைவிட அடர்த்தியாக, முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ஆச்சி அங்கே குனிந்தவள் நிமிரவில்லை. செடிக்கடியில் நீலக்கோடு போட்ட ஒரு மெத்தை மட்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த தையல். அது அவள் கையால் போட்ட தையல்.

"இது அவுக மெத்தை" என்றாள்.

"ஆமா ஆச்சி."

"உனக்குத் தெரியுமா?"

"நாந்தான தூக்கிட்டு வந்தேன். ரொம்ப ஈரமா இருந்துச்சு. அப்பிடியே வீச மனசு வரல. ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு, பெறகு இந்த எடத்துல விரிச்சுவிட்டேன்."

ஆச்சி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் போன அன்று காலையிலேயே, பார்க்கச் சகிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டவள் அவள். ஒன்றரை வருஷம் அவரைத் தாங்கிய மெத்தை அது. அதற்குப் பிறகு அதை ஒருத்தி இரண்டு நாள் வெயிலில் புரட்டிப் போட்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. வாய்விட்டு அழுதாள். புருஷன் செத்த அன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். குருவம்மாள் பக்கத்தில் நின்றாள். ஆச்சியின் தோளைத் தொட வேண்டும் போலக் கை எழுந்தது. தொடலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு தொட்டாள். ஆச்சி விலகவில்லை.

அழுகை ஓய்ந்ததும் ஆச்சி பல்லால் கடித்து இரண்டு கையின் துணியையும் அவிழ்த்தாள். வெடித்த விரல்களால் ஒரு இலையைப் பிடித்தாள்.

"எப்பிடிப் பறிக்கணும் குருவம்மா?"

குருவம்மாள் அவளருகே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நுனியக் கிள்ளிராதீங்க ஆச்சி. அடி இலையாப் பறிங்க. செடி பிழைக்கணும்."

கீழே, சாலையில், தேரடித் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பஜாரிலிருந்து நாலைந்து பேர். அவர்களுக்கும் பின்னால், ஒரு கையைச் சொறிந்தபடி, செயல் அலுவலர்.